ஆரையும் சல்வீனியாவும்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே ஐப்பசி பிறந்து மாரி மழை தொடங்கிய பின்னர், வயல் வரம்புகளின் ஓரத்திலும் குளக்கரைச் சேற்றிலும் நான்கு சிற்றிலைகளை விரித்து நிற்கும் ஒரு சிறு பூண்டைக் காணலாம். ஆரை என்றும் நீராரை என்றும் ஆரைக்கீரை என்றும் தமிழ் மக்கள் அதனை வழங்குவர். கீரையாகச் சமைத்து உண்பாரும் உளர். மருந்துக்கெனப் பறிப்பாரும் உளர். நெற்பயிரோடு போட்டியிட்டு வளருங்கால் உழவர் அதனைக் களையென்று பிடுங்கி வரம்பிலே எறிவர். இம்மூவருள் எவரும் அது பூத்ததைக் கண்டதில்லை. அது பூப்பதேயில்லை. ஏனெனில் அது பன்ன இனத்தைச் சேர்ந்தது.

பன்னம் என்று இலங்கைப் பாடநூல்களும், பெரணி என்று தமிழ்நாட்டு நூல்களும் கூறும் தாவரக் கூட்டத்தை எண்ணும்போது, நுவரெலியாவின் பனிமூடிய காடுகளும், ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்து குடைபோல் விரியும் மரப்பன்னங்களுமே பலருக்கு நினைவில் வரும். இலங்கையில் முந்நூற்றுக்கு மேற்பட்ட பன்ன இனங்கள் உள்ளன. அவற்றுட் பெரும்பாலானவை மலைநாட்டிலும் ஈரவலயத்திலுமே வாழ்கின்றன. ஆறென்று சொல்லத்தக்க ஆறொன்று இல்லாத, சுண்ணாம்புப் பாறைமேற் பரந்த, ஆண்டில் மூன்று மாதமே நன்கு மழை காணும் குடாநாட்டிலே பன்னத்துக்கு என்ன வேலை என்று கேட்பது இயல்பே. கிணற்றுக் கட்டின் உட்புறத்துக் கசிவிலே முளைப்பவற்றையும், வீட்டு முற்றத்துச் சாடிகளில் வளர்ப்பவற்றையும் ஒதுக்கிவிட்டால், திறந்த வெளியிலே இந்நிலத்தின் வறட்சியை வென்று வாழ்வது ஆரையே.

தமிழர் ஆரையென்று பெயரிட்டவை மூன்று. வல்லாரை, புளியாரை, நீராரை என்பன அவை. சம்பலுக்குரிய வல்லாரை கொத்தமல்லியின் குடும்பத்தது. புளியாரை தமரத்தையின் குடும்பத்தது. அவ்விரண்டும் பூத்துக் காய்த்து வித்திடுவன. நீராரையோ அவற்றோடு எவ்வித உறவும் அற்றது. இலையின் தோற்றத்தையும் தரையிற் படரும் இயல்பையும் கண்டு முன்னோர் மூன்றுக்கும் ஒரு பெயரை ஈந்தனர். இதனை அறியாமை என்று இகழ்வதற்கில்லை. கீரை பறிப்பவருக்கு அப்பாகுபாடே போதுமானது. எனினும் நீராரையின் இளந்தளிரை உற்று நோக்கின் உண்மை விளங்கும். வல்லாரைத் தளிர் அவ்வாறு சுருண்டிராது. நீராரைத் தளிரோ கடிகாரத்தின் வில்லைப்போற் சுருண்டு, மெல்ல மெல்ல அவிழ்ந்து நிமிரும். பன்னங்களின் அடையாளம் அதுவே.

பூவும் வித்தும் இல்லாத தாவரம் எங்ஙனம் பெருகுகின்றது? இவ்வினா ஐரோப்பிய அறிஞரை நெடுங்காலம் மயக்கியது. வித்தின்றிச் செடியில்லை என்று நம்பிய பொதுமக்கள், பன்னத்தின் வித்துக் கண்ணுக்குப் புலனாகாதது என்றும், அதனைக் கைக்கொண்டவன் பிறர் கண்ணுக்கு மறைந்து திரியலாம் என்றும் கதை கட்டினர். சுவீடன் நாட்டு இலின்னேயசு இத்தகைய தாவரங்களையெல்லாம் மறைவில் மணம் செய்வன என்ற பொருள்படும் ஒரு வகுப்பிலே தொகுத்து வைத்தார். இலங்கைச் செடிகளைப் பற்றி 1747இல் ஒரு நூலே வெளியிட்டவர் அவர். அந்நூலுக்கு ஆதாரமாய் அமைந்தது, ஒல்லாந்தர் காலத்தில் வைத்தியராக இங்கு வந்த போல் ஏர்மன் உலர்த்திச் சேர்த்த செடித் தொகுதி.

பன்ன இலையின் முதுகிலே பழுப்பு நிறப் பொட்டுகளாகக் காணப்படுவன வித்திக்கலன்களின் குவைகள். அவற்றிலிருந்து தூசிபோல் உதிர்வன வித்திகள். யமேக்காவிலிருந்த யோன் லின்சே என்ற மருத்துவர் அத்தூசியை மண்ணில் இட்டு முளைக்கச் செய்து, தாம் கண்டதை 1794இல் வெளியிட்டார். ஆயினும் முளைத்தது பன்னமன்று. விரல்நகத்தினும் சிறிய, இதய வடிவான ஒரு பச்சைத் தகடு. அத்தகட்டின் அடிப்புறத்திலேதான் ஆணுறுப்பும் பெண்ணுறுப்பும் உள என்பதை 1848இல் இலெசுசிக் சுமின்சுக்கி என்பவர் எடுத்துக் காட்டினார். மூன்றாண்டுகள் கழித்து, 1851இல், ஜேர்மனியின் இலைப்சிக் நகரத்து வில்கெல்ம் ஒவ்மைசுற்றர் இச்செய்தியை முழுமையாக்கினார். அவர் பல்கலைக்கழகம் சென்று பட்டம் பெற்றவரல்லர். தந்தையாரின் இசைநூல் வாணிகத்தைக் கவனித்துக்கொண்டே காலை வேளைகளில் நுணுக்குக்காட்டியோடு அமர்ந்தவர். மானிப்பாயிலே மருத்துவர் கிறீன் மேலைநாட்டு மருத்துவத்தைக் கற்பிக்கத் தொடங்கிய காலமும் ஏறத்தாழ அதுவே.

ஒவ்மைசுற்றர் கண்டது இது. பன்னத்துக்கு வாழ்க்கை இரண்டு. நாம் காணும் பன்னச் செடி வித்தியைத் தரும். அதற்குத் தாய் தந்தை என்ற பேதம் இல்லை. வித்தி முளைத்து உண்டாகும் இதய வடிவத் தகடு, விந்தையும் முட்டையையும் தரும். விந்து நீரில் நீந்திச் சென்று முட்டையோடு கூடினால் மீண்டும் பன்னச் செடி தோன்றும். தாயும் மகளும் ஒருவரையொருவர் ஒவ்வாத உருவினர். பேர்த்தியே பாட்டியை ஒத்திருப்பாள். இம்முறையிலே ஓர் இக்கட்டு உண்டு. விந்து நீந்துவதற்கு நீர் வேண்டும். மிகுதியாக அன்று, ஒரு பனித்துளி போதும். ஆனால் அத்துளி இல்லையேல் அடுத்த தலைமுறை இல்லை. ஏறத்தாழ முப்பத்தைந்து கோடி ஆண்டுகளுக்கு முன்னரே நிலத்திற் பரவத் தொடங்கிய இக்கூட்டம் இன்றளவும் ஈரத்தை நாடி மலைகளிலும் காடுகளிலும் ஒதுங்குவதற்கு இதுவே தலையாய காரணம்.

இனி, ஆரை குடாநாட்டிலே வாழும் வகையைப் பார்ப்போம். அறுவடை முடிந்து வயல் காயத் தொடங்கும்போது, இலைக்காம்பின் அடியிலே பயறுபோன்ற சிறு காய்கள் தோன்றும். முதலிற் பச்சையாகவும் பின்னர்க் கருமையாகவும் இருக்கும். இவை காய்கள் அல்ல. இலையின் பகுதியே மடிந்து இறுகி, வித்திக்கலன்களைத் தன்னுள் அடக்கிய பேழைகள். ஓடு கல்லைப்போற் கடினமானது. தைமாதத்தின் பின் செடி கருகி மறைந்துபோக, இப்பேழைகள் வெடித்த சேற்றினூடே கிடந்து பங்குனி, சித்திரை வெயிலைத் தாங்கும். ஒரு கோடையை மட்டுமன்று. பல பத்தாண்டுகள் உலர்ந்து கிடந்த பேழைகளும் நீர்பட்ட அளவில் உயிர்த்ததை ஆய்வாளர் கண்டுள்ளனர்.

பேழைக்குள் இருக்கும் வித்திகள் இரு வகையின. பெரியது பெண், சிறியது ஆண். ஏனைய பன்னங்கள் மண்ணிலே பச்சைத் தகடாக வாரக்கணக்கில் வளர்ந்து செய்யும் வேலையை, ஆரையின் வித்திகள் தம் ஓட்டினுள்ளேயே வைத்து ஓரிரு நாளில் முடித்துவிடுகின்றன. மழை எப்பொழுது நிற்குமோ என்ற நிலத்திலே விரைவுதானே உயிர் காக்கும்? பூக்குந் தாவரங்களின் மகரந்தமும் சூலும் இத்தகைய இருவகை வித்திகளின் வழியே கூர்ப்படைந்தவை என்பது அறிஞர் முடிவு. ஆயினும் ஆரை பூக்குந் தாவரத்தின் மூதாதை என்று கொள்ளலாகாது. இரண்டும் தனித்தனி வழியில் நடந்து ஒத்த உபாயத்தைக் கண்டடைந்தவை. மாணவர் பலர் இவ்விடத்திலே தடுமாறுவதுண்டு.

ஆரைக்கு நெருங்கிய உறவினர் எவர் என்பது பாகுபாட்டு நூலாருக்கு நெடுநாள் வழக்காக இருந்தது. நீரில் மிதக்கும் அசோலா, சல்வீனியா என்ற இரண்டும் இருவகை வித்தி உடையனவே. எனினும் உருவில் அவை ஆரையை எள்ளளவும் ஒத்தனவல்ல. கனடாவின் அல்பேட்டா மாகாணத்திலே கிடைத்த ஒரு புதைபடிவத்தை உரொத்துவெல், சுற்றொக்கி என்ற இருவர் 1994இல் விவரித்தனர். அதிலே ஆரைபோற் படரும் தண்டும், மிதக்கும் பன்னங்களின் வித்தி அமைப்பும் ஒருங்கே காணப்பட்டன. அதனையடுத்து மரபணு ஆய்வுகளும் வந்து, மூன்றும் ஒரே வருணத்தைச் சேர்ந்தவை என்பதை உறுதிசெய்தன. ஆக, யாழ்ப்பாணத்து வயலிலே உழவர் பிடுங்கி எறியும் ஆரையும், தென்னிலங்கை உழவரை அழவைத்த சல்வீனியாவும் மைத்துனர் முறையினர்.

சல்வீனியா தென்னமெரிக்காவிலே பிறந்தது. 1939இல் கொழும்பிலே தாவரவியற் கல்வியின் பொருட்டு இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டது. வேரில்லாத செடி அது. ஒவ்வொரு கணுவிலும் மூன்று இலைகள். இரண்டு மிதக்கும், மூன்றாவது நீருள் நார்நாராகப் பிரிந்து வேரின் தொழிலைச் செய்யும். மிதக்கும் இலையின் மேலே, நுனிகள் ஒன்றுகூடிய சிறு கூடுபோன்ற மயிர்கள் நெருங்கி நிற்பதால் நீர் ஒட்டாது. அமிழ்த்தினாலும் மேலே வரும். காட்சிக்கு இனியதே. சில ஆண்டுகளிலேயே அது தொட்டியை விட்டு வெளியேறிக் கால்வாய்களிலும் வயல்களிலும் புகுந்தது. 1950களின் நடுப்பகுதியில் ஏறத்தாழ 22,000 ஏக்கர் நெல்வயலும் 2,000 ஏக்கர் நீர்நிலைகளும் அதன் பிடியில் இருந்தன. ஏற்ற சூழலில் ஒரு வாரத்துக்குள் இருமடங்காகும் செடிக்கு அது அரிதன்று. வள்ளம் செல்லாது, வலை வீச இயலாது, நீரின் கீழே ஒளியும் காற்றும் அற்று மீன் மாயும். வாரி அள்ளினர், நஞ்சு தெளித்தனர். ஒரு துண்டு தப்பினாலும் அது மீண்டும் பரந்தது.

இக்களையின் இரகசியம் நிறமூர்த்தங்களிலே இருந்தது. அத்துறைக்கு அடித்தளம் இட்டவர்களுள் தலையானவர் இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்துப் பேராசிரியை ஐரீன் மான்ரன் அம்மையார். பன்னங்களின் நிறமூர்த்தங்களைப் பற்றிய அவரது பெருநூல் 1950இல் வெளிவந்தது. கலங்களை நசுக்கிப் பரப்பி நிறமூர்த்தங்களை ஒன்றொன்றாக எண்ணும் முறையைப் பன்னங்களுக்குப் பயன்படுத்தி வெற்றி கண்டவர் அவர். 1950–51இல் அவரும் அவருடைய தோழர் சிலெட்சு என்பவரும் இலங்கை மலைகளிலே திரிந்து பன்னங்களைச் சேகரித்தனர். 1954இல் வெளியான அவர்களது கட்டுரை, இலங்கையிற் பரிசோதித்த பன்ன இனங்களுள் பாதிக்கு மேற்பட்டவை தம் நிறமூர்த்தத் தொகுதியைப் பன்மடங்காக்கிக் கொண்டவை என்று காட்டியது. ஐரோப்பாவிலே இத்தகைய பெருக்கத்தைக் கண்டவர்கள் பனியூழியின் குளிரே காரணம் என்று கூறி வந்தனர். பனியூழி காணாத இலங்கையிலும் அது மிகுந்திருந்தமையால் அவ்விளக்கம் வலுவிழந்தது. அதே 1954இல் திருவனந்தபுரத்திலே ஆபிரகாம், நைனான் என்ற இருவர் ஒபியோகுளோசம் என்ற சிறு பன்னத்தின் கலத்திலே 1,260 நிறமூர்த்தங்களை எண்ணினர். மனிதனுக்கு 46. எண்ணியவர்களின் கண்களுக்கும் பொறுமைக்கும் தலைவணங்கத்தான் வேண்டும்.

சல்வீனியாவின் அடிப்படைத் தொகுதி ஒன்பது. இலங்கையிற் பரந்த களையிலோ நிறமூர்த்தங்கள் 45. அதாவது ஐந்து தொகுதி. வித்தி உண்டாகுங்கால் நிறமூர்த்தங்கள் இணையிணையாகக் கூடிப் பிரிய வேண்டும். ஐந்து இணையாவது எங்ஙனம்? ஒன்று தனித்து நிற்கும், கணக்குப் பிழைக்கும், வித்திகள் வெறுமையாகும். 1966இல் பஞ்சாபிலே லோயல், கிறேவால் என்போர் இம்மலட்டுத் தன்மையை ஆராய்ந்து வெளியிட்டனர். ஆகவே இக்களை ஒருபோதும் வித்தியாற் பெருகுவதில்லை. துண்டாகி மட்டுமே பெருகுகின்றது. இலங்கையிலும் கேரளத்திலும் ஆபிரிக்காவிலும் பரந்து கிடந்தவையெல்லாம் ஒரே செடியின் துண்டுகள் என்று கூறினும் பெரிதும் பிழையாகாது.

இங்கே குடாநாட்டுக்கு ஒரு சிறு ஆறுதல் உண்டு. ஆரை வறட்சியைக் கடப்பது வித்திப் பேழையால். சல்வீனியாவுக்கோ பேழை இருந்தும் உள்ளே பொருளில்லை. ஆண்டுதோறும் கோடையில் அடிமண் தெரிய வற்றும் குளத்திலே அது நிலைக்க வழியில்லை. நீர் என்றும் நிற்கும் கேணிகளும் வாய்க்கால்களுமே அஞ்சத்தக்கவை.

களையை வெல்வதற்கு அதனை அதன் பிறந்த நாட்டிலே அடக்கி வைத்திருக்கும் பூச்சியைத் தேட வேண்டும். பிறந்த நாடு எது? அதுவரை அறிஞர் அச்செடியைச் சல்வீனியா ஒரிக்குலேற்றா என்று அழைத்து வந்தனர். அவ்வினம் வாழும் திரினிடாட் முதலிய இடங்களில் 1960களில் பூச்சிகளைத் தேடிப் பிடித்து, ஆபிரிக்காவிலும் கேரளத்திலும் விட்டனர். ஒரு வெட்டுக்கிளியும் ஒரு கூன்வண்டும் அவற்றுட் சேரும். எதிர்பார்த்த பயன் விளையவில்லை. பின்னர் ஆபிரிக்காவின் கரிபா ஏரியிலே இக்களையை ஆராய்ந்த மிச்செல் என்பவர், அது ஒரிக்குலேற்றா அன்று, வேறோர் இனம் என்று கண்டு, 1972இல் அதற்குச் சல்வீனியா மொலெஸ்ரா எனப் பெயரிட்டார். மொலெஸ்ரா என்றால் தொல்லை தருவது. 1962இலே கரிபா ஏரிப் பரப்பின் ஐந்தில் ஒரு பங்கை மூடிய செடிக்குத் தக்க பெயர்தான்.

பெயர் பிழையானதால் தேடிய நாடும் பிழைத்திருந்தது. உண்மையான தாயகம் தென்கிழக்குப் பிறேசில் என்பதை 1978இலேதான் அவுஸ்திரேலிய ஆய்வாளர் போர்னோ அம்மையாரும் ஆலியும் கண்டனர். அங்கே அச்செடியிலே ஒரு கூன்வண்டு இருந்தது. முன்னர் ஆபிரிக்காவிலே பயன்தராத அதே வண்டுதான் என்று முதலில் எண்ணினர், ஒதுக்கிவிடவும் கூடியிருந்தது. எனினும் பரிசோதனை முடித்து, 1980இல் குவீன்சுலாந்தின் மூண்டரா ஏரியில் விட்டனர். ஓராண்டுக்குச் சற்று மேற்பட்ட காலத்துள் ஏரியின் களை அழிந்தது. வியந்து வண்டை மீண்டும் ஆராய்ந்தபோதுதான் அதுவும் வேறோர் இனம் என்பது தெரிந்தது. கால்டர், சான்ட்சு என்ற இருவர் 1985இல் அதற்குப் புதுப்பெயர் சூட்டினர். செடியின் பாகுபாட்டிலும் பிழை, வண்டின் பாகுபாட்டிலும் பிழை. பாகுபாடு என்பது நூலகத்திலே இருந்து பெயரெழுதும் பயனற்ற தொழில் என்று கூறுவோர் உளர். அவர்கள் இக்காலத்திலே களைபடர்ந்த வயலோரம் நின்ற உழவரைக் கேட்டிருக்க வேண்டும்.

அவ்வண்டு இரண்டு மில்லிமீற்றர் அளவினது. வளர்ந்த வண்டு முகைகளைத் தின்னும். புழு தண்டைத் துளைக்கும். பப்புவா நியூகினியின் செப்பிக் ஆற்றுப் பகுதியிலே முதலில் வண்டு நிலைகொள்ளவில்லை. செடியிலே நைதரசன் குறைந்து அது சத்தற்றுப் போயிருந்ததே காரணம் என்று உய்த்துணர்ந்து, களைக்கு யூரியா உரமிட்டனர். அழிக்க வேண்டிய களைக்கு உரமிடுவதைக் கண்டவர் நகைத்திருப்பர். செடி சத்துப் பெற்றது, வண்டு பெருகியது, களை அழிந்தது. இப்பணிக்காக அவுஸ்திரேலிய ஆய்வுக்குழுவுக்கு 1985இல் யுனெஸ்கோ விஞ்ஞானப் பரிசு கிடைத்தது.

இலங்கைக்கு அவ்வண்டு 1986இல் வந்தது. இரண்டு மூன்று ஆண்டுகளிலே பல நீர்நிலைகளிற் களை அடங்கியது. இம்முயற்சிக்குச் செலவான ஒரு ரூபாவுக்கு ஐம்பத்துமூன்று ரூபா பயன் கிடைத்ததென 1989இல் பொருளியலார் ஒருவர் கணித்தார். கேரளத்துக் குட்டநாட்டிலும் இதே கதையே நிகழ்ந்தது. களை முற்றாக ஒழிந்துவிடவில்லை, ஒழியவும் மாட்டாது. களை குறைய வண்டு குறையும். களை பெருக வண்டும் பெருகும். கண்காணிப்பு வேண்டியே இருக்கும்.

பன்னங்களின் பாகுபாடு இன்று பெரும்பாலும் மரபணுவைக் கொண்டே செய்யப்படுகின்றது. 2016இல் உலக அறிஞர் பலர் கூடி வகுத்த முறையின்படி பன்ன இனங்கள் ஏறத்தாழ 10,500. மொலெஸ்ரா என்ற பெயர் பற்றியும் வழக்கு முடியவில்லை. அட்னேற்றா என்ற முந்திய பெயரே செல்லும் என்பார் சிலர்.

இவ்வளவும் கேட்ட மாணவர் எவரேனும் ஆரையைத் தாமே பரிசோதிக்க விரும்பினால், நுணுக்குக்காட்டி தேவையில்லை. மாசி மாதத்திலே, வயற் சேறு வெடிக்கத் தொடங்கும்போது, வாடிய ஆரைச் செடியின் அடியிலே கருத்த பேழைகளைத் தேடி எடுக்க வேண்டும். பச்சையாயிருப்பவை முற்றாதவை, அவற்றை விட்டுவிடலாம். பேழையின் ஓரத்தைச் சிறிய அரத்தினால் தேய்த்து, உள்ளே நீர் புகச் சிறு வழி செய்து, கண்ணாடிக் கிண்ணத்து நீரில் இட்டால், அரைமணி அளவில் பேழை இரண்டாகப் பிளக்கும். உள்ளிருந்து கண்ணாடி போன்ற பசைநாடா ஒன்று புழுப்போல் நெளிந்து வெளியே நீளும். அதன் இருமருங்கும் சிறு பைகள் தொங்கும். அப்பைகளிலே வெண்ணிறப் புள்ளிகளாகத் தெரிவன பெண் வித்திகள். கிண்ணத்தை வெளிச்சமுள்ள யன்னலோரம் வைத்து, நீரை வற்றவிடாமற் காத்தால், சில நாள்களில் அப்புள்ளிகளிலிருந்து ஊசிபோன்ற முதற் பச்சிலை எழும்.